மேசைமேலா, மடிமேலா?

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிஷம்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. ஸ்க்ரூ டிரைவர்தான் பழக்கம். இதே வன்னியம்பட்டியில் பஸ் இறங்கி வந்து பி.காம். படித்துவிட்டு, ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் விற்பனையும் ரிப்பேரும் செய்து பிழைக்கிறவன் நான். அதனால் எனக்குத் தெரிந்ததையே பேசுகிறேன்.

நம் சங்க நிதியிலிருந்து கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுப்பது என்று பேச்சு நடக்கிறது. அதில் இரண்டு கட்சி. "சங்கத்தின் பெயரில் ஒரு லேப் அமைத்து இருபது டெஸ்க்டாப் போடுவோம்" என்பது ஒரு கட்சி. "லேப் எல்லாம் அந்தக் காலம், கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்துவிடுவோம்" என்பது இன்னொரு கட்சி. சாயங்காலப் பொதுக்குழுவில் இது ஓட்டுக்கு வருகிறது. இதே கேள்வியோடு ஜூன் மாசம் ஆனால் எங்கள் கடைக்கும் பெற்றோர்கள் வருகிறார்கள். மில் வேலைக்குப் போகிற ஒரு தாயார், "எய்யா, எதை வாங்குனா எம்புள்ளைக்கு மூணு வருஷமும் தாங்கும், அதைச் சொல்லு" என்று கேட்டார்கள். கேள்வி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

கொஞ்சம் பழைய கதை. ஐ.பி.எம். நிறுவனம் தன் பி.சி.யை வெளியிட்டது 1981 ஆகஸ்டில். அதே ஆண்டில்தான் 'ஆஸ்பார்ன்-1' என்று தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. எடை ஏறத்தாழ 11 கிலோ. 25 கிலோ அரிசிப் பையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. திரை 5 அங்குலம். உள்ளே பேட்டரியும் கிடையாது. தூக்கிக்கொண்டு போன இடத்தில் கரண்ட் இருந்தால்தான் வேலை. 1991ல் சோனி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. எடை குறைந்து, நேரம் கூடியது அதன் பிறகுதான். அந்த பேட்டரிக்கு வழி வகுத்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019ல் நோபல் பரிசு கிடைத்தது. 2008 வாக்கில் உலக அளவில் டெஸ்க்டாப் விற்பனையை லேப்டாப் முந்திவிட்டது.

நம் தமிழ்நாட்டில் இந்த விஷயம் வீடு வீடாக வந்தது 2011ல். அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் நிறுவனம் மூலமாகக் கொள்முதல் செய்து, லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். அன்றைய முதல்வர் படம் போட்ட அந்த லேப்டாப்புகள் எங்கள் கடை மேசைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. அதற்கு முன்னால் கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத வீடுகளுக்குள் அது போனது. அது பெரிய காரியம். கூடவே இன்னொன்றையும் பார்த்தேன். இரண்டு மூன்று வருஷம் ஆனதும் பேட்டரி போய்விடும். புது பேட்டரி போடக் கையில் காசு இருக்காது. பிறகு அது சுவரோடு ஒயர் போட்டுக் கட்டிவைத்த சின்னத்திரை டெஸ்க்டாப்தான்!

2025 மார்ச்சில் தாக்கலான தமிழக பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று மறுபடி அறிவிப்பு வந்தது. ஆனாலும் எந்தத் திட்டத்திலும் விட்டுப்போகிறவர்கள் உண்டு. நாம் கவலைப்பட வேண்டியது அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான்.

சரி, இரண்டில் எது நல்லது? நான் வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்பேன்.

முதல் கேள்வி: என்ன வேலைக்கு? சிவகாசியில் அச்சகத்துக்குக் காலண்டர் டிசைன் செய்கிறவருக்குப் பெரிய திரை வேண்டும், நாள் முழுக்க ஓட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு டெஸ்க்டாப். மில் ஆபீஸில் டேலி போடுகிறவருக்கும் அதுதான். ஒரே விலைக்கு டெஸ்க்டாப்பில்தான் கூடுதல் வேகம் கிடைக்கும். கழுத்துக்கும் நல்லது, லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால், குனிந்தே பார்க்க வேண்டியிருக்கிறது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவர், பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்கு இன்டர்வியூவுக்குப் போகிறவர், அவர் டெஸ்க்டாப்பைத் தலையில் கட்டிக்கொண்டா போவார்? அவருக்கு லேப்டாப்.

இரண்டாம் கேள்வி: எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்கள்? இது நம் ஊருக்கே உரிய கேள்வி. ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி. காற்றிலேயே பஞ்சு பறக்கிறது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஃபேன் அந்தப் பஞ்சை இழுத்து, சூட்டை வெளியே தள்ளுகிற தகட்டில் மெத்தை மாதிரி அடைத்துவிடும். பிறகு சூடு ஏறும், வேகம் குறையும், தானாக அணையும். டெஸ்க்டாப் என்றால் பக்கத்து மூடியைக் கழற்றி ப்ளோயரால் ஊதிவிடலாம், வீட்டிலேயே செய்யலாம். லேப்டாப்பில் அடிமூடியின் அத்தனை ஸ்க்ரூவையும் கழற்ற வேண்டும். அதனால் தறி ஓடுகிற வீட்டுப் பிள்ளைகளிடம் நான் சொல்வது: லேப்டாப்பை மெத்தைமேல், தலையணைமேல் வைக்காதீர்கள், ஒரு பலகைமேல் வையுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள்.

கரண்டும் இதில் சேர்த்திதான். 2012ல் நம் பக்கம் பல மணி நேர மின்வெட்டை அனுபவித்தோம். டெஸ்க்டாப்புக்கு யு.பி.எஸ். கட்டாயம், அதுவும் சில நிமிஷம்தான் தாங்கும். லேப்டாப்புக்கு பேட்டரி கூடவே இருக்கிறது. செலவும் வித்தியாசம். சாதாரண ஆபீஸ் டெஸ்க்டாப் திரையோடு சேர்ந்து 100 வாட்டுக்கு மேலே இழுக்கும் என்றால், லேப்டாப்புக்குக் கொடுக்கிற சார்ஜரே பெரும்பாலும் 45 அல்லது 65 வாட்தான்.

மூன்றாம் கேள்வி: கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள்? டெஸ்க்டாப்பில் பவர் சப்ளை போனால் அதை மட்டும் மாற்றலாம். கீபோர்டில் டீ கொட்டினால் கீபோர்டோடு போச்சு. லேப்டாப்பில் டீ கொட்டினால் அது மதர்போர்டு வரை போகும். அந்தச் செலவைக் கேட்டால் நமக்கே தலை சுற்றும். மெலிசான லேப்டாப் பலவற்றில் மெமரியைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பின்னால் கூட்ட வழியில்லை. ஆகவே லேப்டாப் வாங்கும்போது, "மெமரி கூட்ட இடம் இருக்கா, பேட்டரி தனியாகக் கிடைக்குமா, சர்வீஸ் பக்கத்தில் இருக்கா?" என்று கேட்டு வாங்குங்கள். கலரைக் கடைசியாகப் பாருங்கள்.

இந்த மூன்றையும் கேட்ட பிறகு, கேட்காமலேயே நான் கவனிக்கிற நான்காவது ஒன்று இருக்கிறது. வீட்டில் அந்த இயந்திரம் யார் கைக்குப் போகும்? டெஸ்க்டாப் ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கும். அண்ணன் உட்கார்ந்து கேம் விளையாடுவான், அப்பா கணக்குப் பார்ப்பார், மாமா வந்தால் படம் பார்ப்பார். படிக்கிற பெண் பிள்ளைக்கு முறை வரும்போது ராத்திரி பத்தாகிவிடும். அப்போது, "லைட்டை அணைச்சிட்டுப் படு" என்பார்கள். லேப்டாப் என்றால் அது அவள் பையில் இருக்கிறது. நூலகத்துக்கு எடுத்துப்போவாள், மொட்டைமாடிக்கு எடுத்துப்போவாள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வகுப்பெல்லாம் ஆன்லைன் ஆனபோது, வீட்டுக்கு ஒரே செல்போனை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டதை இங்கிருக்கும் பேராசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு விட்டுக்கொடுத்தது யார் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பார்த்தால் தெரியும்.

இனி நம் சங்கத்தின் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு துறையில் வகுப்புக்கு 60 பேர், மூன்று வருஷத்துக்கு 180 பேர் என்று வையுங்கள். லேபில் 20 டெஸ்க்டாப், வாரம் 5 நாள், நாளுக்கு 6 மணி நேரம் திறந்திருந்தால் மொத்தம் 600 மணி நேரம். 180 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு வாரம் 3 மணி 20 நிமிஷம். எல்லோருக்கும் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் கல்லூரி முடிந்ததும் லேபைப் பூட்டிவிடுவார்கள். மம்சாபுரத்துப் பிள்ளையும் வத்திராயிருப்புப் பிள்ளையும் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும்.

20 லேப்டாப்பைத் தானமாகக் கொடுத்தால்? 20 பேருக்கு முழுதாகக் கிடைக்கும், 160 பேருக்கு ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் சேருகிறவர்களுக்கும் ஒன்றுமில்லை.

ஆகவே நான் சொல்வது இதுதான். லேப்டாப்பைத் தானமாகக் கொடுக்க வேண்டாம். நூலகத்தில் புத்தகம் மாதிரி ஒரு செமஸ்டருக்கு இரவல் கொடுப்போம். ஐந்து வருஷத்தில் பத்து செமஸ்டர். இருபது லேப்டாப் இருநூறு கைகளுக்குப் போகும். ப்ராஜெக்ட் செய்கிற செமஸ்டரில், வேலைக்கு விண்ணப்பம் போடுகிற செமஸ்டரில்தான் ஒரு பிள்ளைக்கு அது உயிர். அந்த நேரத்தில் கையில் இருந்தால் போதும்.

"தொலைச்சுட்டா? உடைச்சுட்டா?" என்று பின்வரிசை அண்ணாச்சி கேட்பது காதில் விழுகிறது. உடையும், அண்ணாச்சி. நிதியில் பத்தில் ஒரு பங்கை ரிப்பேருக்கும் பேட்டரிக்கும் இப்போதே ஒதுக்கி வைப்போம். பத்து செமஸ்டருக்கு இடையில் பேட்டரி கட்டாயம் மாற்ற வேண்டிவரும். ரிப்பேர்க் கூலி என் பொறுப்பு. ஸ்பேர் பார்ட்ஸ் மட்டும் சங்கம் கொடுத்தால் போதும்.

அப்படியானால் லேப்? இருக்கிற லேபையே எழுப்பி உட்காரவைப்போம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ்-10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. ஏறக்குறைய 2018க்கு முந்தைய மெஷின்களில் பெரும்பாலானவற்றில் முறைப்படி விண்டோஸ்-11 ஏறாது. அதற்காகக் காயலான் கடைக்குப் போட வேண்டியதில்லை. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் ஏற்றினால் டைப் அடிக்க, இன்டர்நெட் பார்க்க, புரோகிராம் எழுதிப் பழக நன்றாக ஓடும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்கிற லினக்ஸ், அரசு கொடுத்த லேப்டாப்புகளிலேயே இருந்ததுதான். காமர்ஸ் பிள்ளைகள் டேலி பழக விண்டோஸ் வேண்டும். அதற்கு மட்டும் நாலைந்து புது டெஸ்க்டாப் வாங்கினால் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இரவல் வாங்குகிற பிள்ளைகளை மேடைக்கு அழைத்து போட்டோ எடுக்க வேண்டாம். பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டாம். நூலகர் ரிஜிஸ்டரில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். புத்தகம் எடுக்கிறவன் ஏழை என்று யாரும் சொல்வதில்லையே. மாணவிகளுக்கு முதல் உரிமை என்று விதியில் ஒரு வரி எழுதிவிடுங்கள். யார் யாருக்கு என்பதைச் சங்கம் முடிவு செய்ய வேண்டாம். வகுப்பு ஆசிரியர்களுக்குத்தான் பிள்ளைகளின் நிலைமை தெரியும்.

இரண்டு கட்சியிலும் என் நண்பர்கள் இருக்கிறார்கள். இருவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது என்பதால், அந்த இரண்டு பாதியையும் சேர்த்து ஒரு தீர்மானமாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் படித்துப் பார்த்து, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். நேரம் ஆகிவிட்டது, செயலாளர் மணியில் கை வைத்துவிட்டார்.