துவிச்சக்கரவண்டியின் புரிகளுக்கு ஏற்ற கிறீஸ்



துவிச்சக்கரவண்டிக்கு எண்ணெய் இடுவதென்றால் சங்கிலிக்கு இடுவதென்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். வண்டி முழுவதையும் பிணைத்து நிற்கும் போல்ட்டுகளும் அவற்றின் புரிகளும் எவர் நினைவிலும் இருப்பதில்லை. பஞ்சரான சக்கரத்தைக் கழற்ற முற்படுகையில் நட்டு அசைய மறுத்து, ஸ்பானர் வழுக்கி, நட்டின் மூலைகள் மழுங்கிய பின்னரே அவை நினைவுக்கு வருகின்றன.

மாத்தளை மாவட்டத்தில் இத்தொல்லை சற்று விரைவாகவே நேரும். ரத்தோட்டை, உக்குவளைப் பக்கங்களில் மழையும் பனியும். வடக்கே தம்புள்ளையில் வறட்சியும் புழுதியும். புரியின் இடுக்கிற் புகுந்த நீர் துருவை உண்டாக்குகிறது. துருவானது தான் தோன்றிய இரும்பைவிட மிகுந்த இடத்தைக் கொள்வதால், ஆப்பு அடித்தாற்போல் நட்டையும் போல்ட்டையும் இறுக்கிவிடுகின்றது. பிறேக் கட்டையின் நட்டு இவ்வாறு இறுகி, தேய்ந்த கட்டையை மாற்ற முடியாமற்போன வண்டியில் ரிவஸ்டன் பாதையின் இறக்கத்தில் வருபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

கிறீஸ் துருவைத் தடுப்பதோடு நில்லாது இன்னொரு பணியையும் செய்கின்றது. உலர்ந்த புரியை முறுக்கும்போது நமது பலத்தின் பெரும்பகுதி உராய்வை வெல்வதிலேயே செலவாகிறது. எஞ்சிய சிறு பகுதியே பாகங்களை நெருக்கிப் பிடிக்கிறது. கிறீஸ் பூசிய புரியிலோ அதே முறுக்கு அதிகமாக நெருக்கும். ஆகவே கிறீஸ் பூசினால் நட்டு தானாகக் கழன்றுவிடும் என்று அஞ்சவேண்டியதில்லை. மாறாக, கை பலத்தைச் சற்றுக் குறைத்தே முறுக்கவேண்டும். இல்லையேல் சிறு போல்ட்டுகள் முறிந்துவிடும்.

எந்தக் கிறீஸை வாங்குவது? புரி ஓயாது சுழலும் உறுப்பன்று. எனவே விலையுயர்ந்த சரக்குத் தேவையில்லை. ஆனால் நீருக்குக் கரையாததாக இருத்தல் வேண்டும். கிறீஸ் என்பது எண்ணெயும் ஒருவகைச் சவர்க்காரமும் சேர்ந்த கலவை. சோடியச் சவர்க்காரத்தால் ஆனது வெப்பத்தைத் தாங்குமெனினும் மழைநீரிற் கரைந்துபோகும். கல்சியத்தால் ஆனது நீரைத் தாங்கும். 1940களில் அறிமுகமான லிதியம் கிறீஸோ இரண்டையும் தாங்கும். மோட்டார் உதிரிப்பாகக் கடைகளிற் கிடைக்கும் சாதாரண லிதியம் கிறீஸ், இரண்டாம் இலக்கத் தடிப்புள்ளது, நமக்குப் போதும்.

வீட்டிலிருக்கும் தேங்காயெண்ணெயை ஊற்றுவோர் பலர். அது ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறைவது. மாத்தளை மலைகளின் விடியற்காலையில் போத்தலிலேயே உறைந்து கிடப்பதைக் காணலாம். நாட்பட்டால் பிசினாகவும் மாறும். பழைய எஞ்சின் எண்ணெயில் உலோகத் துகள்களும் கரியும் உண்டு, அதுவும் வேண்டாம்.

உருக்குச் சட்டத்தில் அலுமினிய இருக்கைத் தண்டு பொருந்திய வண்டிகளுக்குத் தனிக் கவனம் தேவை. இருவேறு உலோகங்களுக்கிடையே நீர் தங்கினால் மின்னிரசாயனத் தாக்கத்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு, தண்டு சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் தண்டைக் கழற்றித் துடைத்து, மீண்டும் கிறீஸ் பூசவேண்டும்.

பூசுமுன் புரியை மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் கொண்டு சுத்தஞ்செய்து நன்கு உலரவிடுங்கள். மெல்லிய பூச்சே போதுமானது. வெளியே பிதுங்குவது புழுதியைச் சேர்க்குமாகையால், அதைத் துணியால் துடைத்துவிடுங்கள். சக்கர விளிம்பில் ஒரு துளியும் படலாகாது. பட்டால் பிறேக் பிடிக்காது.

கடைசியாக மிதிகட்டைகள். வலப்பக்கத்தது வழக்கமான புரி, இடப்பக்கத்தது இடப்புரி. மிதிக்க மிதிக்கத் தளராதிருக்கவே இவ்வேற்பாடு. ஆதலால் இட மிதிகட்டையைக் கழற்றக் கடிகார முள் சுற்றும் திசையிலேயே திருப்பவேண்டும். எதிர்த்திசையில் திருப்பிப் பலத்தைக் காட்டினால் அது மேலும் இறுகுமேயன்றிக் கழலாது. துருப்பிடித்து இறுகியிருந்தால் புரியின் வாயில் மெல்லிய எண்ணெய் விட்டு, ஓரிரவு ஊறவிட்டுக் காலையில் திருப்புங்கள்.