விதவைப் பென்ஷன் கஜானாவுக்குப் பாரமா?

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற அறுவடையின்போது நம் வட்டாரத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி வரப்பில் பாம்பு கடித்து இறந்துபோனார். போலீஸ் வந்தது. பஞ்சாயத்தார்களை உட்கார வைத்துப் பிரேத விசாரணை எழுதிக்கொண்டார்கள். பிரேதத்தை சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்த்து, இருட்டுகிற நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். இவ்வளவும் பொதுப்பணத்தில் நடந்த காரியம். அதில் குற்றமில்லை. ஒரு மனிதன் எப்படிச் செத்தான் என்று விசாரிப்பது எந்த ராஜ்யத்துக்கும் கடமை. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இதற்கென்றே 1871-ம் வருஷச் சட்டப்படி 'கரோனர்' என்று தனி அதிகாரி இருந்தார். பிற்காலத்தில் அந்தப் பதவி எடுபட்டது. நம் பக்கத்தில் போலீஸ் அதிகாரியும், சில மரணங்களில் ஆர்.டி.ஓ.வும் அந்த வேலையைச் செய்கிறார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் அந்த அம்மாள் நம்மிடம் வந்தார். "அவர் எப்படிச் செத்தாருன்னு ஆறு பேர் கேட்டுட்டுப் போனாங்க தோழர். நான் எப்படிப் பிழைப்பேன்னு ஒருத்தரும் கேக்கலியே" என்றார். நமக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று கணக்கோடு பேச வந்திருக்கிறோம்.

விசாரணைக்கு வந்த அந்த அதிகாரியையே எடுத்துக்கொள்வோம். அவர் வேலையிலிருக்கும்போது காலமானால் அவர் குடும்பத்துக்கு என்ன ஏற்பாடு? மத்திய சர்க்காரின் பழைய பென்ஷன் விதியில், 10 வருஷத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி. அதற்குப் பின் 100-க்கு 30 வீதம். விலைவாசி ஏற ஏற அதற்குப் பஞ்சப்படியும் உண்டு. 2016 முதல் குடும்பப் பென்ஷன் மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும் நிர்ணயித்தார்கள். தோழர்களே, இதைக் கேட்டதும் சிலருக்கு வயிறு எரிகிறது. எரிய வேண்டாம். அந்த அதிகாரியின் மனைவிக்குக் கிடைப்பதைக் குறை என்று நாம் கேட்கவில்லை. சொல்லப்போனால் அதையும் பறிக்கத்தான் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பழைய பென்ஷனிலிருந்தே கழற்றிவிட்டார்கள். அப்போதும் சொன்ன காரணம் இதேதான்: "கஜானாவுக்குப் பாரம்."

சரி, நம் மில் தொழிலாளியின் மனைவிக்கு என்ன பாரம் சுமக்கிறது கஜானா? பார்ப்போம்.

1995 நவம்பர் 16 முதல் நமக்கு உள்ளது தொழிலாளர் பென்ஷன் திட்டம். அதற்கு முன் 1971 முதல் இருந்தது குடும்பப் பென்ஷன் திட்டம். இப்போதைய திட்டத்தில் நம் கூலிக்கு 100-க்கு 8.33 வீதம், முதலாளி கட்டும் பிராவிடண்ட் பண்டுப் பங்கிலிருந்து பிரித்துப் பென்ஷன் நிதிக்குப் போகிறது. மத்திய சர்க்கார் தன் பங்காகப் போடுவது 100-க்கு 1.16. இரண்டுக்கும் கூலி உச்சவரம்பு உண்டு. 2014 செப்டம்பரில் அதை 15,000 ரூபாய் என்று வைத்தார்கள்.

ஒரு தோழர் 2014 கடைசியில் 48 வயதில் மில்லில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் காட்டும் கூலி 14,000. 58 வயதில் ஓய்வு பெறுகிறார். சர்வீஸ் 10 வருஷம். கூலியைச் சர்வீஸால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும், அதுதான் சூத்திரம். மாதப் பென்ஷன் 2,000 வருகிறது. அவர் கண்ணை மூடினால் சம்சாரத்துக்குப் பாதி: 1,000 ரூபாய். நாளைக்கு 33 ரூபாய். டீக்கடையில் இரண்டு டீக்கும் ஒரு பன்னுக்கும் சரியாகப் போய்விடும்.

இந்த 1,000-க்கு எவ்வளவு கட்டியிருக்கிறோம்? மாதம் 1,166 ரூபாய் வீதம் 120 மாதம். 1,40,000-க்குக் கொஞ்சம்தான் குறைவு. வட்டி தனி. முதலாளி பங்கு என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். நூற்பு இயந்திரத்தின் முன்னால் நின்றது முதலாளியா? நமக்குக் கையில் தராமல் ஒதுக்கி வைத்த கூலி அது. சர்க்கார் போட்டது எவ்வளவு? மாதம் 162 ரூபாய். பத்து வருஷத்துக்கும் சேர்த்து 19,500 ரூபாய்கூட இல்லை. இதுதான் தோழர்களே அந்தப் பெரும் பாரம்!

முன்பு இன்னொரு வசதி இருந்தது. பென்ஷனில் சிறிது குறைத்துக்கொண்டால், தொழிலாளியின் காலத்துக்குப் பின் மூலதனத்தைக் குடும்பத்துக்குத் திருப்பித் தரும் ஷரத்து. 2008-ல் அதை எடுத்துவிட்டார்கள். அந்த அம்மாள் மறுமணம் செய்துகொண்டால் பென்ஷன் நின்றுவிடும். ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு காவல்.

குறைந்தபட்சம் 1,000 என்று நிர்ணயித்தது 2014 செப்டம்பரில். அதற்கு முன் வருஷமே, 2013-ல், ராஜ்ய சபையின் கோஷ்யாரி கமிட்டி 3,000 கொடு, பஞ்சப்படி கொடு என்று சிபாரிசு செய்திருந்தது. இடதுசாரி கமிட்டி அல்ல அது; தலைமை வகித்தவர் பாரதிய ஜனதாக் கட்சிக்காரர். பத்து வருஷம் கழித்து 2024-லும் அதே 1,000, பஞ்சப்படி இல்லாமல். அரிசி விலை பத்து வருஷம் அப்படியே நின்றதா என்று தாய்மார்களைக் கேட்டால் தெரியும்.

"கொடுக்கலாம், பணம் எங்கே?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. 2023-ல் இந்தத் திட்டத்தில் பென்ஷன் வாங்கியவர்கள் விதவைகளும் பிள்ளைகளும் சேர்த்து 75 லட்சம் பேருக்கு மேல். தலைக்கு மாதம் 2,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் வருஷத்துக்கு 18,000 கோடிச் சுமாருக்கு ஆகும். பெரிய தொகைதான். ஆனால் 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30-லிருந்து 22 ஆக ஒரே நாளில் குறைத்தார்கள். அதனால் வருஷத்துக்கு 1,45,000 கோடி வருமானம் போகும் என்று அந்த அறிவிப்பிலேயே சர்க்கார் ஒப்புக்கொண்டது. அன்று கஜானாவின் முதுகு வலித்ததாக யாரும் சொல்லவில்லை. நாம் கேட்பது அதில் எட்டில் ஒரு பங்கு.

இதுவாவது மில்லில் இருப்பவர்களுக்கு. பாம்பு கடித்துச் செத்த அந்தத் தோழருக்கு முதலாளியும் இல்லை, பண்டும் இல்லை. இன்று ஒரு வயல், நாளை ஒரு வயல். அவர் குடும்பம் வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருந்தால் மத்திய சர்க்காரின் குடும்ப நலத் திட்டத்தில் ஒரே தடவை 20,000 ரூபாய். 2012-ல் வைத்த தொகை. மத்திய விதவைப் பென்ஷனோ மாதம் 300 ரூபாய். அதுவும் 40 வயது நிரம்பியவருக்குத்தான். நம்மிடம் வந்த அம்மாளுக்கு வயது 31. ஒன்பது வருஷம் காத்திருந்தால் 300 ரூபாய்! மாநில சர்க்கார் தன் பணத்தைப் போட்டு 2023-ல் 1,200 ஆக்கியதால்தான் இங்கே மனு எழுதவாவது வழி இருக்கிறது. அவருக்கு மனு எழுதிக் கொடுத்தோம். தாலுகா ஆபீசுக்கு இரண்டு நடை நடந்தாகிவிட்டது. மூன்றாவது நடைக்கு நம் தோழர்களில் இருவர் கூடவே போகிறார்கள்.

கடைசியாக, நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு மில்லில் நம் சங்கத்தின் பழைய உறுப்பினர் ஒருவர் வேலையில் இருக்கும்போதே நெஞ்சுவலியில் இறந்தார். அவர் சம்சாரம் பென்ஷனுக்கு 14 மாதம் அலைந்தார். காரணம் மலைபோல் ஏதாவது இருக்கும் என்று நினைத்தோம். பார்த்தால், படிவம் 2-ல் கல்யாணத்துக்கு முன் எழுதிய தாயார் பெயர் அப்படியே இருக்கிறது. மனைவி பெயரே இல்லை. ஆதாரில் ஒரு பெயர், மில் ரிஜிஸ்டரில் ஒரு பெயர். மனைவிக்கு உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் காகிதத்தில் இல்லாதவரை ஆபீசுக்கு ஆபீஸ் துரத்தினார்கள். நாம் வாயிற்கூட்டத்தில் போனஸ் பேசினோம், பஞ்சப்படி பேசினோம், ஒரு நாளாவது "உன் படிவத்தில் யார் பெயர் இருக்கிறது?" என்று அவரைக் கேட்டோமா? கேட்கவில்லை. அந்த 14 மாதத்தில் நம் பங்கும் உண்டு.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியவில்லை. பண்டு பிடிக்கும் தொழிலாளி வேலையில் இருக்கும்போது இறந்தால் அதோடு இணைந்த இன்ஷூரன்ஸ் ஒன்று உண்டு. நம் கூலியில் இதற்குப் பிடித்தம் கிடையாது. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவர் குடும்பத்துக்குக் குறைந்தது 2½ லட்சம், அதிகபட்சம் 7 லட்சம் என்று 2021-ல் உத்தரவு. காண்டிராக்ட் தொழிலாளிக்கும், பண்டு பிடித்திருந்தால், இது உண்டு.

ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை காலை சங்க ஆபீசில் உட்காருகிறோம். பண்டு நம்பர், ஆதார், ரேஷன் கார்டு, மனைவி மக்கள் பெயரும் பிறந்த தேதியும் எடுத்துவாருங்கள். ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்காக மாலையிலும் இருப்போம். விவசாயத் தொழிலாளித் தோழர்கள் தங்கள் தெருவில் உள்ள விதவைகளையும் அழைத்து வாருங்கள். முடிந்தால் சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நாளைக்கு அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு போகப் போவது அவர்கள்தான்.