மாடித் தொட்டியில் குட்டைத் தக்காளி

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைக் கேட்டதும் முன்வரிசையில் ஒரு நண்பர், "ஏல, தாவரவியல் படிச்சவன் கடைசியிலே தக்காளிக்கு வந்துட்டானே!" என்றார். வந்துவிட்டேன்தான். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அந்த நாட்களில் ரசத்துக்குள் தக்காளியைத் தேடியவர்கள் இந்த அரங்கத்திலும் பலர் இருப்பீர்கள்.

நம் ஊரில் உப்பளத்துக்கு நல்லது எதுவோ அது தக்காளிக்கு ஆகாது. தக்காளி உப்பை ஓரளவுதான் தாங்கும். மண் சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 2.5 டெசிசீமன்ஸைத் தாண்டினால், கூடுகிற ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சலில் ஏறக்குறைய பத்து சதவீதம் போய்விடும். கடலோரத் தெருக்களில் தரையில் வைத்து வளர்க்க முடியாத செடியைத் தொட்டியில் வளர்க்கலாம். காரணம் எளிது: தொட்டிக்குள் மண்ணும் நம்முடையது, தண்ணீரும் நம்முடையது.

தொட்டிக்கு எந்தச் செடி? இங்கேதான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். "குட்டைச் செடி" என்று கடையில் கொடுப்பதெல்லாம் ஒரே சாதி அல்ல. ஒரு வகை, நுனியில் பூங்கொத்து வந்ததும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். காய்ப்பு சேர்ந்தாற்போல வந்து முடிந்துவிடும். இன்னொன்று உண்மையான குட்டை. தண்டு தடித்திருக்கும், கணுக்கள் நெருக்கமாக இருக்கும், இலை கரும்பச்சையாகச் சுருக்கம் விழுந்திருக்கும். இதில் பல ரகங்கள் மெதுவாக வளர்ந்துகொண்டே மாதக்கணக்கில் காய்க்கும். 1989இல் ஃபுளோரிடாவில் வெளியிட்ட 'மைக்ரோ டாம்' ஒரு சாண் உயரம்தான். இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்கிறது. நம் கோயம்புத்தூர் தந்த கோ 3, அதாவது மருதம், கோ 1 ரகத்திலிருந்து சடுதிமாற்றத்தால் கிடைத்த அடக்கமான செடி.

இனி செய்முறை. குட்டைச் செடி ஒன்றுக்குப் பதினைந்து, இருபது லிட்டர் கொள்ளளவு வேண்டும். பழைய பெயிண்ட் வாளி போதும். மைக்ரோ டாம் போன்றவற்றுக்கு நாலைந்து லிட்டரே தாராளம். அடியில் துளை கட்டாயம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊர்ப்பக்கம் இது. துளை இல்லாத வாளி அன்றைக்குக் குளமாகத்தான் இருந்திருக்கும்.

செம்மண், மட்கிய எரு, தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம பங்கு கலக்கலாம். ஆனால் கடல் தண்ணீர் பட்ட நார்க்கழிவில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசாமல் போடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் வீட்டுக்காரம்மா சொல்வதையும் நான் சொல்வதையும் சேர்த்துக் கேளுங்கள். சமையலறை ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற நீரை "வீணாகுதே" என்று செடிக்கு ஊற்ற வேண்டாம். அதில் உப்பு செறிந்திருக்கும். மழைநீரும் ஏ.சி. சொட்டுநீரும் உப்பில்லாதவை. பத்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை அடித்துளை வழியே வழிந்தோடும்வரை ஊற்றினால், தேங்கிய உப்பு கழுவிப்போகும். காயின் அடி கறுத்து அழுகினால் உடனே முட்டை ஓட்டைத் தேடாதீர்கள். பெரும்பாலும் ஒருநாள் காய்ந்து ஒருநாள் நனைவதும், உப்பும் சேர்ந்து, செடியைக் கால்சியம் எடுக்கவிடாமல் செய்வதுதான் காரணம்.

காலம் முக்கியம். இரவு வெப்பம் 24, 25 டிகிரிக்கு மேலேயே நின்றால் பூ உதிரும். சித்திரை வெயிலில் செடி நிற்கும், காய் நிற்காது. அக்டோபரில் விதைத்தால் டிசம்பர், ஜனவரிக் குளிரில் பூ பிடிக்கும். நாற்றுப் பருவத்தில் நைலான் வலை போட்டு வெள்ளை ஈயைத் தடுங்கள். இலைச்சுருட்டை நச்சுயிரியைச் சுமந்து வருவது அதுதான். நோய் வந்த செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கிவிட வேண்டியதுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2000களின் நடுவில் அமெரிக்காவில் கிரெய்க் லெஹூலியர், ஆஸ்திரேலியாவில் பத்ரீனா நஸ்கே ஸ்மால் என்ற இரு தோட்ட ஆர்வலர்கள், பெரிய செடிகளின் ருசியைக் குட்டைச் செடிக்குள் கொண்டுவர ஒரு கூட்டு முயற்சி தொடங்கினார்கள். அங்கே குளிர்காலம் என்றால் இங்கே கோடை. ஆக வருடத்துக்கு இரண்டு தலைமுறை. சம்பளமில்லாத ஆர்வலர்களின் உழைப்பில் நூறுக்கும் மேற்பட்ட ரகங்கள் பிறந்தன.

இது மெண்டல் பாடம்தான். குட்டையையும் நெட்டையையும் இணைத்தால் முதல் தலைமுறை எல்லாம் நெட்டை. இரண்டாவதில் நாலுக்கு ஒன்று குட்டை. அதிலிருந்து ஏழெட்டுத் தலைமுறை தேர்ந்தெடுத்தால் ரகம் நிலைக்கும்.

பெரியகுளம் தந்த பி.கே.எம். 1 தக்காளியை ஓர் உண்மைக் குட்டையோடு இணைத்து, நம் கடற்கரைக்கென்று ஒரு குட்டைத் தக்காளியை நம் மாணவர்கள் ஏன் உருவாக்கக் கூடாது? குளிர்காலத் தலைமுறை இங்கே. கோடைத் தலைமுறை கொடைக்கானலிலும் ஊட்டியிலும் இருக்கிற நம் பழைய மாணவர் வீட்டு முற்றத்தில். தக்காளி தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. நிலைத்த ரகத்தின் விதையை எடுத்து வைத்தால் அதே செடி வரும். வெளிநாட்டு நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: விதையைப் பெட்டியில் மறைத்துக் கொண்டுவர வேண்டாம். தாவரத் தொற்றுத்தடுப்புச் சட்டம் இருக்கிறது.

1961க்குப் பிறகு நம் பார்களில் முத்துக்குளிப்பு நின்றது. ஆனால் 1973இல் இதே கரையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கரு வைத்து முத்து விளைவித்தார்கள். கடல் தராததைக் கையால் விளைவித்த ஊருக்கு, மண் தராததைத் தொட்டியில் விளைவிப்பது பெரிய காரியமா?

அடுத்த ஒன்றுகூடலில் மலர் வெளியிடும்போது, ஆளுக்கு ஒரு பொட்டலம் விதையும் சேர்த்துக் கொடுப்போம்.