யார் கையில் பேரேடு? தோட்டமும் தனித்தகவல் சட்டமும்

  

கேள்வி உங்களுக்குப் பழகியதுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு அந்தரங்க உரிமையால் என்ன பயன்? சட்டத்துறையிலும் சமூகவியலிலும் உள்ள என் நண்பர்கள் இதைக் கேட்டு என்னை மடக்கப் பார்ப்பது வழக்கம். அவர்களில் இருவர் இன்றைய சொற்பொழிவுக்கு வந்து முன்வரிசையில் இருக்கிறார்கள். இன்று அவர்கள் குறுக்கிட முடியாது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பிராவில் இருமினால் அடுத்த காம்பிராவில் கேட்கும், அங்கே அந்தரங்கம் ஏது என்பது அவர்கள் வாதம். முதலில் காணி, சம்பளம், சேமலாப நிதி. அந்தரங்கம் கொழும்பாரின் கவலையாம். இவர்கள் அந்தரங்கத்தைச் சுவரில் தேடுகிறார்கள். நான் பேரேட்டில் தேடுகிறேன். ஒருவரைப் பற்றி யார் எழுதுகிறார், யார் படிக்கிறார், பிழை இருந்தால் எழுதப்பட்டவரால் திருத்த முடியுமா? இந்த மூன்றும்தான் எனக்கு அந்தரங்க உரிமை.

இதற்குப் பழைய சான்றாகத் துண்டு முறையை எடுத்துக்கொள்வோம். இதை நான் எங்கும் இழுப்பதாகக் கேலி செய்வார்கள், இன்றும் இழுக்கிறேன். தமிழகத்திலிருந்து கங்காணி என்னும் ஆள்சேர்ப்பவர் ஆள் கட்டி வந்த காலத்தில், வழிச்செலவும் முன்பணமும் சேர்ந்து, கொழுந்துக் கூடையைத் தொடும் முன்பே தொழிலாளி கடனாளி ஆனார். அந்தக் கடன் கங்காணியின் தலையிலும் அவர் கூட்டத்தின் தலையிலும் ஏறி நின்றது. கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், தோட்டத்தை நிர்வகித்த துரை ஒரு சீட்டு எழுதித் தருவார்: குறித்த காலத்துக்குள் இவ்வளவு கடனைக் கட்டினால் இத்தனை பேரை விடுவிக்கிறேன். அதுதான் துண்டு. அதை மடியில் செருகிக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாகப் போவார். வாங்கிப் படித்த துரை கணக்குப் போட்டுப் பார்த்துப் பணத்தைக் கட்டுவார், ஆட்கள் அவருக்கு. ஆள் தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் துரைமார் போட்டியிட்டார்கள், துண்டில் எழுதிய தொகை ஏறியது. கூலி ஏறவில்லை.

எழுதியவர் ஒரு துரை, படித்தவர் இன்னொரு துரை, சுமந்து போனவர் கங்காணி. யாருடைய பெயரால் அந்தத் தொகை நின்றதோ அவர் அதை எழுதவும் இல்லை, படிக்கவும் இல்லை. அவர் பங்கில் எவ்வளவு என்று கேட்க அவருக்கு வழியே இல்லை; பற்றும் வரவும் கங்காணியின் கணக்கில் கிடந்தன. ஒருவரின் பொருளாதார நிலை, அவருக்குத் தெரியாமல், அவரை வேலைக்கு எடுக்க நினைக்கும் அத்தனை பேரின் மேசைக்கும் போய்வந்தது. இன்று கடன் தகவல் பணியகங்களைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்துகிறோம். அவற்றின் பழைய வடிவம் இந்த மலைப் பாதைகளில் கால்நடையாகப் போனதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

‘அது கடன் அடிமைத்தனம், தகவல் பிரச்சினை இல்லை, பழைய நோய்க்கு நீ புதுப் பெயர் வைக்கிறாய்’ என்பார் ஒரு நண்பர். கடன் மட்டுமே விலங்கு என்றால் கடைத்தெருவில் வைத்த கடனும் அவரைக் கட்டிப்போட்டிருக்க வேண்டும். கடைக்காரர் தோட்டத்துக்குத் தோட்டம் சீட்டு அனுப்பவில்லை, துரை அனுப்பினார். கடன் ஊர் சுற்றியதால்தான் அது விலங்காயிற்று. 1865-ன் வேலை ஒப்பந்தச் சட்டம் வேலையை விட்டுப் போனவரைச் சிறைக்கு அனுப்பியது; துண்டோ போகும் வழியையே அடைத்தது. அரசியல் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம் 1919-ல் தொழிலாளர் நலச் சங்கம் நிறுவிப் போராடியதற்கும், 1921-ல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டதற்கும் இடையே உள்ள தொடர்பைத் தொழிற்சங்க வரலாறாக மட்டும் எழுதிவிட்டோம். தனித்தகவல் சட்டத்தின் வரலாறு எழுதுவோர் அங்கிருந்து தொடங்கட்டும் என்பது என் கோரிக்கை.

துண்டு போனது, பேரேடு போகவில்லை. பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் போடும் பேர், அரைப்பேர் (முழுநாள், அரைநாள்) கணக்கில்தான் 1958-ன் ஊழியர் சேமலாப நிதியும் 1983-ன் பணிக்கொடையும் நிற்கின்றன. செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு எழுத்து. ஓய்வு பெற்றவர் சத்தியக் கடதாசியோடு அலைவதை நீங்கள் அறிவீர்கள். 2022-ன் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தகவலைப் பார்க்கவும் திருத்தவும் உரிமை தருகிறது. கொழும்பில் வங்கிகளும் தொலைபேசிக் கம்பனிகளும் கவலைப்படும் இந்தப் பிரிவு, உண்மையில் தோட்டத்து ஆபீசுக்காக எழுதியதுபோல் இருக்கிறது. சிக்கல், அது இன்னும் முழுதாக உயிர் பெறாததுதான். 2025 மார்ச் 18 என்று குறித்த நாள் தள்ளிப்போய், அந்த ஆண்டு ஒக்டோபரில் திருத்தச் சட்டமும் வந்தது.

அடுத்தது அஸ்வெசும என்னும் அரசின் நலன்புரி உதவித் திட்டம். 2023 நடுப்பகுதியில் தேர்வானோர் பெயர்கள் வெளியிடப்பட்டன. மேன்முறையீடும் செய்யலாம், பிறர் மீது ஆட்சேபமும் எழுதலாம். ஒளிவுமறைவற்ற முறை என்று பாராட்டினார்கள். நான் பாராட்டவில்லை. ஏழை என்று நிரூபிக்க மின்சாரப் பாவனை முதல் வீட்டுச் சுவர் வரை சொல்ல வேண்டும், பிறகு அண்டை வீட்டார் அதைச் சரிபார்க்க வேண்டும். சொந்த ஆற்றில் மின்சாரம் பிறக்கும் இந்தப் பொல்பிட்டிய ஊரில், எத்தனை அலகு எரித்தோம் என்பது வறுமைக்கு அளவுகோலாயிற்று. தகவல் உரிமைச் சட்டம் தனிநபர் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி ஒரு தகவலை மறுக்க இடம் தருகிறது. வறுமைக்கு அந்தத் திரை கிடையாது. முன்சொன்ன தரவுப் பாதுகாப்புச் சட்டம் விசேட பாதுகாப்புத் தரும் பட்டியலில் இனம், மதம், உடல்நலம் எல்லாம் உண்டு, வறுமை இல்லை. நிதி தரும்போது முறைகேட்டைத் தடுக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கணக்காய்வாளர் இருக்கிறார்.

நேரம் போய்விட்டது. சமூக ஊடகம் பற்றி: 2024-ன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், துன்புறுத்தும் நோக்கத்தோடு பிறர் அந்தரங்கத் தகவலைப் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. அதே அஸ்வெசும பட்டியலை ஒருவர் கேலி எழுதி வாட்ஸ்அப்பில் போட்டால் வழக்கு வரலாம். அதுவே அலுவலகச் சுவரில் இருந்தால் அது நிர்வாகம்.  இதே இரட்டை அளவுகோல் அண்டை நாட்டிலும் உண்டு. இந்தியாவில் 2017-ன் புட்டசாமி தீர்ப்பு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. அடுத்த ஆண்டே ஆதார் தீர்ப்பு, மானியம் பெறுவோருக்கு ஆதாரைக் கட்டாயமாக்க அனுமதித்தது. உரிமை எல்லோருக்கும், அடையாளம் காட்டும் கடமை ஏழைக்கு. நமது அரசியல் யாப்பில் அந்தரங்கம் தனி உரிமையாக இல்லவே இல்லை.

இளைய ஆய்வாளர்களுக்குச் சில வேலைகள். அம்பகமுவ பிரதேசத்தில் அஸ்வெசுமவுக்கு எழுந்த ஆட்சேபங்களை, பெயர் நீக்கி, யாராவது வகைப்படுத்த வேண்டும். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992-ல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது பழைய செக்ரோல்கள் எங்கே போயின என்பதும் தேடவேண்டியது. தோட்ட வைத்திய உதவியாளரின் குறிப்பேடுகள், குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பிராவின் பதிவுகள், இவற்றுக்கு இன்று யார் பொறுப்பு என்பது இன்னொரு ஆய்வு. துண்டுகளின் மூலப் பிரதிகள் கிடைத்தால் எனக்கு அறிவிக்கவும். ஆய்வு செய்ய விரும்பும் பிள்ளைகள் என்னிடம் வரலாம்; முன்வரிசையில் இருக்கும் நண்பர்களிடம் போனாலும் தடையில்லை.