வெண்மணியும் நம் இலக்கியமும்



இவ்வட்டத்தின் பத்தாண்டுக் கவியரங்குகளில் காவிரியையும் நெல்லையும் பாடாத கவிஞர் அநேகமாக இல்லை. நானும் பாடியவன்தான். ஆனால் அந்த நெல்லைக் கூலியாக அளந்து போட்ட படியை நம்மில் எத்தனை பேர் பாடினோம்?

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், ஒரே குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அனைவரும் தாழ்த்தப்பட்ட விவசாயக் கூலிகளின் குடும்பத்தினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. கைவிட மறுத்தது செங்கொடிச் சங்கம்.

நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970இல் நிலக்கிழார்கள் சிலருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெருநிலம் உடையவர்கள், கார் வைத்திருப்பவர் உட்பட, தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப இயலவில்லை என்பது தீர்ப்பு கண்ட காரணங்களுள் ஒன்று. வரப்பில் கார் ஓடாது என்பது நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும்! முதல் குற்றவாளியாக நிறுத்தப்பட்ட கோபாலகிருஷ்ண நாயுடு 1980இல் கொல்லப்பட்டார். அதைப் பழி தீர்ந்தது என்று சொல்லலாம். நீதி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நீதிமன்றத்தைக் குறை கூறுவது எளிது. இலக்கியம் என்ன செய்தது? ஞானக்கூத்தன் எழுதினார்; இன்குலாப்பின் குரலையே இந்நிகழ்ச்சி மாற்றியது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. அந்நாவலின் துணிவை நான் மதிக்கிறேன். எனினும் நிலக்கிழாரின் ஆண்மைக் குறைவைக் கொடுமைக்கு வேராகக் காட்டியதில் எனக்கு உடன்பாடில்லை. நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று கூடி, திட்டமிட்டுக் கூலிகளை அடக்கியவர்களின் செயல், ஒரு மனிதனின் அந்தரங்க நோயாகச் சுருங்கிவிடுகிறது. பணக்காரர் நடந்து செல்லமாட்டார் என்றது தீர்ப்பு. நோயாளிதான் செய்வான் என்கிறது நாவல். உடல்நலமும் மதிப்பும் உள்ள மனிதர்கள் அரைப்படிக்காக இதைச் செய்யக்கூடும் என்பதை இரண்டும் எதிர்கொள்ளவில்லை.

எரியாமல் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள், நம்பப்படவில்லை. பிற்காலத்தில் பாரதி கிருஷ்ணகுமார் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தில் அக்குரல்களைப் பதிவு செய்தார். கவிஞர்கள் அதைப் பார்க்க வேண்டும். கூலி அளந்த முறையை அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும்.

வரும் தைக் கவியரங்கத்திற்கு 'அறுவடை' என்று தலைப்பிட்டிருப்பதாகச் செயலாளர் கூறினார். அதில் ஒரு கவிதைக்காவது 'அரைப்படி' என்று பெயர் வைக்க யார் முன்வருகிறீர்கள்?