வளவும் கிணறும்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறையினூடாகக் கீழிறங்கி, அங்குள்ள உவர்நீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. அந்நன்னீரையே நாம் கிணற்றில் அள்ளுகின்றோம். ஆதலால், இரண்டு மூன்று பரப்பு வளவிலே ஓய்வுநேரத்தில் தோட்டஞ் செய்யும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் முதலில் அறியவேண்டியது தத்தம் கிணற்றின் இயல்பையேயாம்.

எங்கள் வளவின் ஆண்டு புரட்டாதியில் தொடங்குகிறது எனலாம். சோளகக் காற்று ஓயும் அந்நாட்களில் வேலிப் பூவரசின் குழையை வெட்டி மண்ணில் தாழ்த்து, எருவிட்டு நிலத்தைப் பண்படுத்துவோம். பொறுக்கிச் சேர்த்த பனம்விதைகளைப் பாத்தியில் அடுக்குவதும் அக்காலத்திலேயே. ஐப்பசி முதல் மார்கழிவரை மாரிமழை. ஆண்டு மழையின் பெரும்பகுதி அதுவே. அப்போது மண்வெட்டிக்கு வேலை குறைவு. கிணற்றுக்கோ அதுவே வரவுக்காலம். வெள்ளம் ஒழுங்கைவழியே ஓடிவிடாது வளவினுள்ளேயே ஊறும்படி சிறுவரம்புகள் கட்டிவைத்தல் நன்று.

மழை தணிந்ததும் கத்தரி, மிளகாய், வெங்காயம் நடுவோம். தை, மாசியில் பனங்கிழங்கு கிண்டுவோம். அவித்து உலர்த்தினால் அது புழுக்கொடியல். பச்சையாகக் கிழித்து உலர்த்தினால் ஒடியல். வைகாசி, ஆனியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். ஆடிப்பிறப்பன்று கூழ். பின்னர் பனம்பழம் விழத்தொடங்கும்.

இந்த வட்டத்தில் மாசிக்குப் பின்வரும் வெயில் மாதங்களே சோதனைக்காலம். முன்னாளில் துலாவினால் இறைத்தார்கள். ஆள் களைத்தால் இறைப்பும் நின்றது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை உவர்நீரை அமுக்கிவைக்கும் என்பது நிலத்தடி நீரைப்பற்றிய பொதுவிதி. மேலே சிறிதளவு குறைந்தாலும் கீழிருந்து உவர் பெரிதும் ஏறும் என்பது இதனாற் புலனாகும். ஒருமுறை உவர்ந்த கிணற்றை ஒரு மாரி மீட்டுத்தருமென்று நம்பியிருத்தல் கூடாது.

பசளையிலும் அளவு வேண்டும். பயிர் உண்டதுபோக எஞ்சிய யூரியா நைத்திரேற்றாக மாறிக் கிணற்றை அடைகிறது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அது மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு அது கேடு விளைப்பது.

2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. 2022இல் உணவுத் தட்டுப்பாட்டை அஞ்சிய அரசாங்கம், தன் ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறையளித்து வீட்டுத்தோட்டம் செய்யும்படி கூறியது. குழைக்கு வேலியும் எருவுக்கு ஆடும் முன்னரே வைத்திருந்த வீட்டார்க்கு அக்காலத்தைக் கடத்தல் ஓரளவு எளிதாயிற்று. நெருக்கடி வந்தபின் நட்ட மா அவ்வாண்டே காய்ப்பதில்லையன்றோ?

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். ஒரு கயிற்றில் அடிக்கொரு முடிச்சிட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மாதந்தோறும் அவர்கள் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து கொப்பியில் எழுதட்டும். எத்தனை பாத்திக்கு நீருண்டு என்பதை அக்கணக்கைப் பார்த்தே தீர்மானியுங்கள். பன்னிரண்டு மாதம் எழுதிய பிள்ளைக்கு நீரின் அருமையை வேறொருவர் எடுத்துரைக்க வேண்டியதில்லை.