நீர் புகாச் சப்பாத்து

வேட்டைக்காரனின் கருவிகள் யாவை என்று கேட்டால், துப்பாக்கியும் தோட்டாவும் கத்தியுமே பலருக்கும் நினைவுக்கு வரும். காலில் அணியும் சப்பாத்தை எண்ணுவோர் சிலரே. ஆயினும், பனியும் சதுப்பும் நிறைந்த குளிர்நாட்டுக் காட்டிலே ஒருவன் நாள் முழுவதும் நடப்பதும், நடுவழியில் முடங்குவதும் அச்சப்பாத்தைப் பொறுத்தே அமையும்.

நனைந்த காலால் விளையும் கேடு சிறிதன்று. நீரில் ஊறிய காலுறையுடன் நெடுநேரம் இருந்தால் பாதத்துக்குச் செல்லும் இரத்தவோட்டம் குறையும்; பாதம் மரத்து, வீங்கிப் புண்படும்; முற்றினால் அழுகவும் கூடும். இதற்கு நீர் உறையுமளவு குளிர் வேண்டுவதில்லை. ஓயாத ஈரமும் மிதமான குளிருமே போதும். 1914ஆம் ஆண்டில் தொடங்கிய குளிர்காலத்தில், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பதுங்குகுழிகளில் நின்ற பிரித்தானியப் படைவீரர் ஆயிரக்கணக்கானோர் இந்நோயால் வருந்தினர்.

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெயின் மாநிலத்தில் மான் வேட்டைக்குரிய முக்கிய மாதம் நவம்பர். அப்பொழுது நிலம் ஓரிடத்திற் சேறாகவும் ஓரிடத்திற் பனியாகவும் கிடக்கும். தோற்சப்பாத்து அங்கே நீரில் ஊறிக் கனத்தது. முழுவதும் இறப்பரால் ஆன சப்பாத்தோ நீரைத் தடுத்ததாயினும், கணுக்காலை இறுகப் பிடிக்கவில்லை, வியர்வையையும் வெளிவிடவில்லை. வேட்டையில் விருப்பங் கொண்ட லியோன் லியோன்வுட் பீன் என்னும் வணிகர் 1911ஆம் ஆண்டளவில் இதற்கொரு வழி கண்டார். பாதத்தை மூடும் பகுதியை இறப்பராலும், கணுக்காலை மூடும் பகுதியை மெல்லிய தோலாலும் அமைத்து, இரண்டையும் ஒன்றாகத் தைப்பித்தார்.

1912ஆம் ஆண்டில் அவர் அச்சப்பாத்தைத் தபால் மூலம் விற்கத் தொடங்கினார். முதலில் விற்ற 100 சோடிகளில் 90 சோடிகள் திரும்பி வந்தன. தோலும் இறப்பரும் சேருமிடத்திலே பிரிந்துபோனமையே காரணம். பீன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கடன் பெற்று, உறுதியான இறப்பர் அடியைச் செய்வித்து, மீண்டும் விற்றார். அவ்வகைச் சப்பாத்து இன்றும் விற்பனையாகின்றது.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. சப்பாத்தின் பலவீனம் அதன் பொருத்துவாய்களில் உள்ளது. தையல் துளை, அடியும் மேல்தோலும் சேரும் விளிம்பு, நாக்கு தைக்கப்பட்ட ஓரம், நடக்கும்போது மடியும் இடம் ஆகிய இவற்றின் வழியாகவே நீர் முதலிற் புகும். ஆதலால், பளபளக்கும் முன்புறத்தை மட்டும் துடைத்து வைப்பது பராமரிப்பாகாது.

பதனிட்ட தோல் நுண்ணிய நார்களின் பின்னலாகும். நார்களுக்கிடையே கொழுப்பு உள்ளவரை அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி வளையும். பலமுறை நனைந்து உலருந்தோறும் அக்கொழுப்புக் குறையும். கொழுப்பிழந்த தோல் மடிப்பிலே வெடிக்கும். இதைத் தடுக்கவே மாட்டுக்கொழுப்பையும் மீனெண்ணெயையும் சேர்த்துச் செய்யும் டபின் என்னும் களிம்பு நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. தேன்மெழுகு சேர்ந்த களிம்புகளும் உண்டு. கொழுப்பு தோலுக்கு நெகிழ்ச்சி தரும். மெழுகு மேற்பரப்பில் நீரைத் தடுக்கும்.

பூசும் முறையும் அறியத்தக்கது. முதலில் சேற்றைக் கழுவி, சப்பாத்துக் கயிற்றைக் கழற்றி, உள்ளே பழைய புதினத்தாளைத் திணித்துக் காற்றோட்டமான நிழலில் உலரவிடல் வேண்டும். தாள் நனைந்ததும் அதனை மாற்ற வேண்டும். தோல் நன்கு உலர்ந்தபின், களிம்பைச் சிறிது சிறிதாக விரலால் தேய்த்துத் தையல்களில் அழுத்திப் பூச வேண்டும். மிகுதியாகப் பூசினால் தோல் தொய்ந்து கணுக்காலைத் தாங்காது. இறப்பர் உள்ள சப்பாத்தில் மற்றொரு கவனமும் வேண்டும். எண்ணெயும் கொழுப்பும் இறப்பரை ஊதச் செய்து கெடுக்கும். வெயிலும் அதனை வெடிக்கச் செய்யும். எனவே களிம்பு தோலோடு நிற்க வேண்டும். இறப்பரை நீரால் கழுவித் துடைத்தலே போதும்.

இவை யாவற்றினும் முக்கியமானது, நெருப்பை விலக்குதல். குளிரில் நனைந்து கூடாரம் சேர்ந்தவன், சப்பாத்தை அடுப்பருகே வைத்துவிட்டு உறங்குவது இயல்பு. ஈரத்தோல் கடுஞ்சூட்டில் சுருங்கிக் கடினமாகும்; அவ்வாறு சுருங்கியது பின்னர் எவ்வளவு எண்ணெய் பூசினும் பழைய நிலைக்கு மீளாது. காட்டில் பல பருவங்கள் உழைக்கக்கூடிய சப்பாத்து ஓரிரவில் பயனற்றுப்போகும்.

எக்களிம்பும் சப்பாத்தின் வாய்க்கு மேல் ஏறும் நீரைத் தடுக்காது. உள்ளே ஊறும் வியர்வையையும் போக்காது. ஆதலால் உலர்ந்த கம்பளிக் காலுறை ஒரு சோடி எப்பொழுதும் பையில் இருத்தல் நன்று. களைத்து வந்த மாலையிலும் முதலிற் காலையும் பின்னர்ச் சப்பாத்தையும் கவனிப்பவனே, மறுநாட் காலையில் அச்சமின்றிக் காட்டினுள் நடப்பான்.